டியூபா, டேப் ஒட்டியதா, அசல் டியூப்லெஸ்ஸா: ஏற்காட்டுப் பாதைக்கு எது?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு, அதிலிருந்து பிரியும் காப்பி எஸ்டேட் மண் பாதைகள். இங்கே மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் டயர் விஷயத்தில் மூன்று வழிகளுக்கு நடுவே குழம்புகிறார்கள்: டியூபோடு விடுவது, இருக்கிற சாதா ரிம்மில் கம்பித் துளைகளை மூட டேப் ஒட்டி டியூப்லெஸ் ஆக்குவது, டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ரிம்மும் டயரும் வாங்குவது. மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நடுவில் இருப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்பேன்.

டியூபின் பலம், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார் என்பது. காற்றைக் குறைக்க முடியாது என்பதுதான் குறை. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்து 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்தால், சில்வர் ஓக் வேர்கள் ஓடும் பாதையில் முன்சக்கரம் துள்ளுகிறது, பிடிமானம் போகிறது. கீழே இறங்கினால் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் வேறு.

டேப் ஒட்டும் வழி செலவு குறைவு என்பதால்தான் ஆசை காட்டுகிறது. நானும் செய்தேன். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு காலை இறக்கத்தில், பின்சக்கரத்தில் 22 பி.எஸ்.ஐ. இருக்க, வளைவில் சாய்ந்தபோது 'புஸ்' என்று சத்தம். சீலன்ட் பால் (சின்ன ஓட்டைகளை உள்ளிருந்தே அடைக்க டயருக்குள் ஊற்றுவது) சட்டமெல்லாம் தெறித்து, டயர் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. கைப்பிடிச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தியபோது கை நடுங்கியது. காரணம் எளிது. சாதா ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. டியூப் இருக்கும்வரை அது உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். டியூபை எடுத்துவிட்டுக் காற்றையும் குறைத்தால், பக்கவாட்டில் தள்ளும்போது விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் நழுவிவிடும்.

உங்கள் ரிம் எந்த வகை என்று விரலே சொல்லும். டயரைக் கழற்றி, ரிம்மின் உள்சுவரை ஒட்டித் தடவுங்கள். தட்டையான திண்ணை போல ஓர் இடமும், அதன் உள் ஓரத்தில் சின்ன மேடும் தட்டுப்பட்டால் அது டியூப்லெஸ் ரிம். அந்த மேடுதான் டயரை நழுவவிடாமல் பிடிக்கிறது.

அப்படிப்பட்ட ரிம்மில் மாட்டும்போது பொறுமை வேண்டும். ரிம்மின் உள் அகலத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் அகலமான டேப் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்து, இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். கைபம்ப் பெரும்பாலும் போதாது. வால்வின் உள்ஊசியைக் கழற்றி, டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று விடுங்கள். 'டப், டப்' என்று இரண்டு பக்கமும் ஏறி உட்காரும். ரிம்மிலும் டயரிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பிறகு ஊசி போகும் துளை வழியாகவே, 29 இன்ச் டயர் என்றால் சுமார் 100 மில்லி சீலன்ட் ஊற்றினால் போதும்.

எடை மிச்சமாகும் என்று நம்பி இதற்கு மாறாதீர்கள். டியூப் 200 கிராம் போனால் சீலன்ட் 100 கிராம் வந்துவிடும். உண்மையான லாபம் 22, 25 பி.எஸ்.ஐ.யில் ஓட்ட முடிவதுதான். ஈரக் கல்லில்கூட டயர் படிந்து பிடிக்கிறது.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. சேலம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். களக் களக் என்று கேட்கவில்லையா, ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

புது ரிம் வாங்க இப்போது வசதி இல்லையென்றால், உள்ஊசி கழலும் டியூப் வாங்கி அதற்குள்ளேயே சீலன்ட் ஊற்றி ஓட்டுங்கள். கல்லில் நசுங்குவதை அது தடுக்காது, ஆனால் முள்ளுக்குப் போதும்.

எந்த வழியானாலும் பையில் ஒரு டியூப் இருக்கட்டும். டியூப்லெஸ் டயருக்குள் அதைப் போடும் முன், உள்பக்கம் முழுவதையும் கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்கள் நாலைந்தாவது அங்கே முனை நீட்டிக்கொண்டிருக்கும்.