ஹெல்த்ஹப் செயலி: மருத்துவத் தகவலியலில் பணியாற்றும் ஒரு மருத்துவரின் மதிப்பீடு

சிங்கப்பூரில் பொது மருத்துவமனைக்கோ பலதுறை மருந்தகத்திற்கோ செல்லும் எவருக்கும் ஹெல்த்ஹப் செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வயதான பெற்றோரின் சிகிச்சையைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்தமாகவே பரிந்துரைப்பேன். நோயாளிகளைப் பார்ப்பதோடு மருத்துவப் பதிவு மென்பொருள்களை வடிவமைக்கும் பணியிலும் ஈடுபட்டிருப்பதால், இத்தகைய செயலியில் என் கண் முதலில் தேடுவது வசதிகளை அல்ல. திரையில் தெரியும் ஓர் எண்ணை நோயாளி எப்படிப் புரிந்துகொள்வார் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா என்பதையே.

சுகாதார அமைச்சும் சுகாதார மேம்பாட்டு வாரியமும் 2015இல் தொடங்கிய இச்சேவையின் தொழில்நுட்பப் பொறுப்பு, 2023இல் சினாப்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்ற தேசிய நிறுவனத்திடம் இருக்கிறது. அரசின் மின்னியல் அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் நுழைந்தால் சந்திப்பு நேரம், மருந்துகள், கட்டணம், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்க்கலாம். இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செய்ய வேண்டியதைச் செய்கின்றன.

பரிசோதனை முடிவுகள் பகுதிதான் கவனித்துப் பார்க்க வேண்டியது. இங்கே இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு மில்லிமோல் என்ற அளவையில் தரப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ சோதனை செய்து வந்தவரின் தாளில் அது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று இருக்கும். அங்கே 126 என்று அச்சாவதும் இங்கே 7.0 என்று தெரிவதும் ஒரே அளவுதான். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் கிடைக்கும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினுக்கோ பெருக்க வேண்டிய எண் வேறு, திசையும் வேறு: இந்தியத் தாளில் 1 என்றிருப்பது இங்கே ஏறத்தாழ 88. இரு நாடுகளுக்கும் போய்வரும் முதியவர்கள் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். இரு அளவைகளையும் அருகருகே காட்டும் ஒரு தெரிவு அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. வழக்கமான வரம்பைத் தாண்டிய முடிவு எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. உடல் தளர்ந்த எண்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் ஆபத்தைத் தவிர்ப்பதற்காக, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும் என்று மருத்துவர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். அந்த எண்ணைத் தொலைபேசியில் பார்த்த மகள் பதறிப்போய் அம்மாவின் சோற்றைப் பாதியாகக் குறைத்தால், அது அந்தச் சிகிச்சைக்கே எதிராக முடியும். அந்த நோயாளிக்கென மருத்துவர் வகுத்த இலக்கு முடிவின் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோயாளிகளின் தகவல்களைக் கணினி வழியே பதிந்து பயன்படுத்தும் துறையான மருத்துவத் தகவலியலில் மருத்துவர் தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். அமெரிக்காவில் 2011இல் இது தனி மருத்துவ உட்பிரிவாக ஏற்கப்பட்டு, 2013 முதல் தேர்வும் நடத்தப்படுகிறது. இங்கும் பொதுச் சுகாதாரக் குழுமங்களில் தலைமை மருத்துவத் தகவலியல் அதிகாரிகளாக மருத்துவர்கள் பணிபுரிகிறார்கள். மென்பொருளில் எச்சரிக்கை எப்போது எழ வேண்டும், எப்போது எழவே கூடாது என்று தீர்மானிக்க வார்டில் இரவுப்பணி பார்த்த அனுபவம் வேண்டும். நிரல் எழுதும் திறமை மட்டும் அதற்குப் போதாது. இளம் மருத்துவர்கள் இதை மருத்துவத்தை விட்டு விலகும் வழியாக எண்ணுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

செயலியை நம்பும்போது அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நோயாளியின் விவரங்களை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பகிர்ந்துகொள்வதற்கான தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011 முதல் இயங்கினாலும், தனியார் மருந்தகங்கள் அதில் தகவல் பதிவதை நீண்ட காலம் அவற்றின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அதைக் கட்டாயமாக்கும் முயற்சி, சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்ட 2018ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாப்பை முதலில் உறுதிப்படுத்த எடுத்த அந்த முடிவு சரியானதே. அதற்கான மசோதா 2025 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. ஆகவே தனியார் மருத்துவர் கொடுத்த மருந்தும், ஊரிலிருந்து வாங்கி வந்த மாத்திரையும் செயலியின் பட்டியலில் இருக்கும் என்று எண்ணிவிடாமல், மருந்து அட்டைகளைக் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்காக இதைப் பயன்படுத்துவோர் அவர்களின் சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பராமரிப்பாளராக முறைப்படி இணைத்துக்கொள்ளும் வசதி செயலியிலேயே இருக்கிறது. அப்படி இணைந்தால் அவர்களின் பதிவுகளை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே, அவர்களின் அனுமதியோடு பார்க்கலாம்.