நாய்க்கு பிரஷ் வாங்க கிருஷ்ணகிரில பெட் ஷாப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

2,850 ரூபா. சுளையா போச்சு. இப்பதான் போன்ல அந்தக் கடைக்காரன்கிட்ட கத்திட்டு அதே சூட்டோட டைப் பண்றேன். எந்த பிரஷ் வாங்கணும், எதைத் தொடக்கூடாதுன்னு கடைசில விவரமா சொல்றேன், மொதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க வீட்ல இருக்கறது ஸ்பிட்ஸ், பேரு பொம்மி, முடி அடர்த்தின்னா அப்படி ஒரு அடர்த்தி. வெயில் ஆரம்பிச்சதும் அடிமுடி கொத்து கொத்தா கழண்டு வருது, அப்பா வேட்டில முடி, தோசை மாவுல முடி, அம்மா தெனமும் திட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் மொட்டை அடிச்சு விட்றுன்னாரு. அதை மட்டும் பண்ணிடாதீங்க, வெயிலு நேரா தோல்ல அடிக்கும், மேல்முடி பழையபடி வளராமலும் போகலாம்.

சரின்னு டவுன்ல மீன் தொட்டி, பறவைக் கூண்டெல்லாம் வெச்சிருக்கற ஒரு பெட் ஷாப்புக்கு பொம்மியையே கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் கவுண்டர் விட்டு வெளிய வந்து தரைல குத்த வெச்சு உக்காந்தாரு. புறங்கையை மோந்து பாக்க விட்டு, காதுக்குப் பின்னாடி ரெண்டு விரலால முடியைப் பிரிச்சுக் காட்டினாரு. “பாருங்க சார், மேல நீட்டு முடி, அடில பஞ்சு மாதிரி இன்னொரு முடி, இதான் டபுள் கோட். சாதா பிரஷ் மேலாக்க வழுக்கிட்டுப் போயிடும், அடில சிக்கு அப்படியே கெடக்கும்”னாரு. சொன்னது அத்தனையும் சரி, அதான் வயித்தெரிச்சலே! இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் தப்பான பொருள் குடுப்பான்னு யாருக்குத் தோணும்? ரேக் (நீட்டுப் பல்லு வெச்ச சீப்பு), ஸ்லிக்கர் (ரப்பர்ல மெல்லிசு கம்பிப் பல்லு வெச்ச பிரஷ்), பிளேடு வெச்ச டீஷெட்டிங் டூல் (கழண்ட அடிமுடியை இழுத்தெடுக்கறது) மூணும் சேர்ந்த செட்டு, இம்போர்ட்டட், 3,200, உங்களுக்காக 2,850ன்னான். காசை அனுப்பிட்டேன். “ஏதாவதுன்னா கொண்டாங்க சார், நான் இருக்கேன்ல.”

வீட்ல ஸ்லிக்கரை எடுத்து முதுகுல ஒரு இழுப்பு இழுத்ததுமே கம்பிப் பல்லு ரப்பரை விட்டுக் கழண்டு முடிக்குள்ளயே நின்னுடுச்சு. அம்மா விரல்ல குத்தினதுக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. ரேக் பல்லு முனை உருண்டையா இருக்கணும், இதுல வெட்டின தகரம் மாதிரி பிசிரு. தொடைக்குப் பின்னாடி செவப்பா கோடு கோடா கீறல். கால்நடை ஆஸ்பத்திரில டாக்டர் மருந்து எழுதிட்டு, ஆறுற வரைக்கும் அந்த எடத்துல எந்த பிரஷ்ஷும் வெக்காதீங்கன்னுட்டாரு. கீறலைப் பாத்ததும் எனக்கு 2,850 கூட மறந்து போச்சு.

திருப்பிக் கொண்டு போனா, மொதல்ல “ஓனர் ஓசூர் போயிருக்காரு” (அப்ப அன்னிக்கு உக்காந்து பேசினது யாரு?). அப்புறம் “பாக்ஸ் பிரிச்சுட்டீங்க”. பிரிக்காம எப்படிய்யா சீவுறது! அப்புறம் “முடி ஒட்டியிருக்கு, சுத்தம் இல்ல, எடுக்க மாட்டோம்”. அதுக்கும் மேல “நீங்க அழுத்திச் சீவிட்டீங்க சார்”னு பழியை என் தலைலயே கட்டினான் பாருங்க. வாட்ஸ்அப்ல கழண்ட கம்பி போட்டோ போட்டேன், நீல டிக் வந்துச்சு, பதில் இல்ல, இப்ப டிபியும் தெரியல.

பில்லு கேட்டப்ப ஒரு துண்டுச் சீட்டுல தொகைய மட்டும் எழுதிக் குடுத்தான், அடில “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”ன்னு சீல். நுகர்வோர் சட்டம் 2019 படி ஒழுங்கா பில்லு தராததும் தப்பு, பழுதான பொருளை 30 நாளுக்குள்ள கொண்டு போனா எடுக்க மாட்டேங்கறதும் தப்பு. சீல் குத்திட்டா சட்டம் மாறிடுமா? டப்பாவைத் திருப்பிப் பாத்தா எம்ஆர்பி இல்ல, இறக்குமதி பண்ணவன் பேரு அட்ரஸ் எதுவும் இல்ல, கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன். 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் கோர்ட்ல ஃபீஸும் கெடையாதாம், 2,850க்கு அங்கயும் போவேன்.

விவரமா சொல்றேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி கடைலயே உங்க முழங்கை உள்பக்கம் லேசா இழுத்துப் பாருங்க, உங்களுக்கு எரிஞ்சா நாய்க்கும் எரியும். ஸ்லிக்கர் கம்பியை விரலால ஆட்டிப் பாருங்க. பிளேடு டூலை ஒரே எடத்துல திரும்பத் திரும்ப இழுக்காதீங்க, மேல்முடியையும் வெட்டிடும். சிக்கு எடுக்காம குளிப்பாட்டாதீங்க, இன்னும் இறுகிடும். சீப்புன்னு எடுத்தா உருண்டை முனை இரும்புச் சீப்பே போதும். பில்லு இல்லாம காசு அனுப்பாதீங்க. பொம்மி அந்த எடத்தையே நக்கிட்டு இருக்கா, மருந்து போடப் போறேன்.