எச்.டி (HT) முத்திரையை நம்பி ஈர பைன் மரம் வாங்கிவிட்டேன், நீங்கள் கவனமாக இருங்கள்

மகளுக்கு அடுக்குக் கட்டில் செய்வதற்காக மதுரையில் ஒரு மரக்கடையில் 12 கன அடி பைன் வாங்கினேன். ரூ.10,800. "நியூசிலாந்து பைன் சார், நல்லா காயவெச்சு சீசன் பண்ணது, முத்திரையே இருக்கு பாருங்க" என்று கடைக்காரர் ஒரு சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் எச்.டி என்ற எழுத்து. அதுதான் தரச் சான்று என்று நம்பி, பணம் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளை பெயிண்ட் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பக்கச் சட்டம் முறுக்கிக்கொண்டு, காலோடு சேரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. தலைமாட்டில் கணு இருந்த இடத்தில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு தேன் நிறத்தில் பிசின் கசிந்தது. ஒருநாள் காலையில் அது மகளின் முடியில் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, அவள் அழ அழ எடுத்தோம். அன்றிலிருந்து மேல்தட்டில் அவளைப் படுக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்தேன். மிச்சம் கிடந்த சட்டங்களின் வெட்டுமுனையை உளியால் சீவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரே சாதி மரம் இல்ல" என்றார். நியூசிலாந்திலிருந்து வரும் ரேடியாட்டா பைன் வெளிர் நிறம். வளையங்கள் அவ்வளவாக எடுப்பாகத் தெரியாது, இழைப்புளி ஒரே சீராக ஓடும். என்னிடம் இருந்ததில் பாதி அமெரிக்காவின் சதர்ன் யெல்லோ பைன். வெளிர் மஞ்சளும் அடர் பழுப்புமாக வரிவரியாக இருக்கும், பழுப்பு வரி கடினம், கையில் தூக்கினாலே கனம் தெரியும். அது மோசமான மரம் இல்லை, நல்ல வலுவானது. ஆனால் இரண்டையும் ஈரத்தோடு சேர்த்துப் பூட்டினால் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுருங்கும். சில பலகைகளில் நீலச் சாம்பல் கோடுகள் வேறு இருந்தன. அது பூஞ்சை. வலுவைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் மரம் வெகுநாள் ஈரமாகக் கிடந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, அந்த முத்திரை? அது ஏற்றுமதிப் பெட்டிகள், சரக்கு அடுக்கும் பேலட்டுகளுக்கு உரியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றார்கள் என்பதுதான் எச்.டியின் பொருள். உலர்த்தினார்கள் என்று அர்த்தமே இல்லை. எம்.பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஆசாரியின் ஈரமானியை மூன்று அங்குலச் சட்டத்தில் குத்தியபோது 22 சதவீதம் காட்டியது. கட்டில், மேசைக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "பைன்னா பைன்தான் சார், வெட்டின மரத்தை எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள்.

பைன் வாங்கப் போகிறவர்கள் ஈரமானியைக் கையோடு கொண்டுபோங்கள். முனையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வெட்டச் சொல்லி, புது வெட்டில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் காய்ந்துதான் தெரியும். கணு இருந்தால் பெயிண்டுக்கு முன் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், எந்த நாட்டு பைன், கிலனில் (மரம் உலர்த்தும் சூட்டு அறையில்) உலர்த்தியதா, ஈரப்பதம் எத்தனை என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் "மரம் 12 க.அ." என்று மட்டும்தான் இருக்கிறது.