ஸ்லட்ஜ் எங்கே போக வேண்டும்: லேண்ட்ஃபில்லுக்கா, சிமெண்ட் சூளைக்கா, லேப் ரிப்போர்ட்டுக்கா?

உலோக முலாம் பூசும் பிளேட்டிங் யூனிட்டோ, பொருள்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷாப்போ வைத்திருப்பவர்கள் கழிவைப் பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்பது "டன்னுக்கு எவ்வளவு?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இடிபியில் (ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு) சேரும் சேறுதான் ஸ்லட்ஜ்; அதை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் விழும் கேக்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் ரேட் பேசி ஒரு பயனும் இல்லை.

2016 ஏப்ரலில் வந்த அபாயகரமான கழிவு விதிகள், 2008 விதிகளின் இடத்தில் வந்து அமர்ந்தவை. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டாலும் வகைப்படுத்தும் முறையின் எலும்புக்கூடு அதேதான். அட்டவணை 1, கழிவு எந்தத் தொழிலில் பிறந்தது என்று பார்க்கிறது. அட்டவணை 2, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. முதலாவதில் 38 வகைச் செயல்முறைகள் உண்டு. கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் ரசாயன ஸ்லட்ஜ் 35.3, பாஸ்பேட் ஸ்லட்ஜ் 12.5, ரசாயனம் ஒட்டிய காலி பேரல் 33.1. உங்கள் ஸ்லட்ஜ் இதில் இருந்தால் அது அபாயகரமானதுதான், தொட்டுப் பார்க்கக் கூட வேண்டியதில்லை.

ஆனால் அட்டவணை 1-லேயே ஒரு குறிப்பு இருக்கிறது: பட்டியலில் பெயர் இருந்தாலும், அட்டவணை 2-ஐக் கொண்டு "இது அபாயகரமானது அல்ல" என்று நிரூபிக்கத் தடை இல்லை. இதைப் படித்ததும் பலருக்குக் கண் மின்னும். லேப் ரிப்போர்ட் ஒன்று வாங்கிவிட்டால் போதுமே!

அந்த வழியை முதலில் பார்த்துவிடுவோம், எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவு. டிசிஎல்பி என்ற கசிவுச் சோதனையில் கழிவை, அதைப் போல 20 மடங்கு எடையுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, சுமார் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வருவதை அளக்கிறார்கள். லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், காட்மியம் 1, பாதரசம் 0.2 என்ற வரம்பைத் தொட்டாலே தோல்வி. இதில் தேறினாலும் மொத்தச் செறிவுக்குத் தனி வரம்பு இருக்கிறது. அப்புறம் தீப்பற்றுமா, அரிக்குமா என்ற குணங்களையும் பார்க்க வேண்டும். சரி, எல்லாவற்றிலும் தேறியது என்றே வைப்போம். அந்தத் தாள் சொல்வது அன்று எடுத்த சாம்பிளைப் பற்றி மட்டும்தான். பிளேட்டிங் யூனிட்டில் போன வாரம் நிக்கல் ஆர்டர், இந்த வாரம் குரோம். கேக்கும் அதற்கேற்ப மாறும். ஆண்டு முழுக்க ஒரே மூலப்பொருள், ஒரே செயல்முறை என்று ஓடும் ஆலைக்கு வேண்டுமானால் இந்த வழி பொருந்தும். அங்கேயும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை ஸ்லட்ஜ் பழைய வகையிலேயே இருக்கட்டும்.

மீதி உள்ளது கழிவைப் புதைக்கும் லேண்ட்ஃபில்லும், எரிக்கும் சூளையும். பேச வேண்டிய போட்டி இதுதான்.

விதி 4-இல் உள்ள வரிசைப்படி பார்த்தால் சூளைக்கே முன்னுரிமை. சிமெண்ட் சூளையில் எரிப்பது ஆற்றல் மீட்பு, புதைப்பது கடைசிப் படி. சூளைக்குள் பொருள் 1450 டிகிரி வரை சூடாகிறது, சுடர் 2000 டிகிரியை ஒட்டி இருக்கும். கரிமப் பொருள் எரிந்துவிடும், சாம்பல் கிளிங்கரோடு (அரைத்தால் சிமெண்டாகும் கட்டி) கலந்துவிடும், தனியாகப் புதைக்க மிச்சம் எதுவும் இருக்காது. கழிவு மையத்து இன்சினரேட்டரில் எரித்தாலோ சாம்பல் கடைசியில் லேண்ட்ஃபில்லுக்கே போகும். அதனால் பெயின்ட் ஸ்லட்ஜ், எண்ணெய்ப் பிசுக்கு, கரைப்பான் அடிமண்டி போன்ற எரியக்கூடியவற்றுக்கு நான் யோசிக்காமல் சூளையைத்தான் சொல்வேன்.

குரோம் ஸ்லட்ஜுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இடிபியில் ரசாயனம் செலவழித்து, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக இறக்கி, சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்குகிறோம். காரமும் ஆக்சிஜனும் நிறைந்த சூளைக்குள் அதில் ஒரு பகுதி மறுபடி ஆறாக ஏறிவிடுகிறது. அது சிமெண்டோடு மூட்டைக்குப் போய், ஒரு கொத்தனார் கையில் அரிப்பாக வெளிப்படும். பாதரசம் எளிதில் ஆவியாகிப் புகையோடு போய்விடும். குளோரின், மூலப்பொருளை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டரில் படிந்து அடைக்கும். ஆகவே சூளைக்காரர் குளோரினையும் உலோகத்தையும் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல் படாதீர்கள்.

உலோகம் மிகுந்த, எரியாத ஸ்லட்ஜுக்கு லேண்ட்ஃபில்தான் இடம். தேவைப்பட்டால் சிமெண்ட், சுண்ணாம்பு கலந்து கெட்டியாக்கி, களிமண்ணும் எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட குழியில் வைப்பார்கள். இதன் குறை தூரம். கோவையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள மையத்துக்கு என்றால் 500 கி.மீ.க்கு மேல் லாரி ஓட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஆலையிலிருந்து ஒரு லோடு கேட்டிலேயே திரும்பி வந்தது, பெயின்ட் ஃபில்டர் சோதனையில் தோற்று. சோதனை ரொம்ப எளிது: சல்லடைத் தாளில் கழிவை வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் வெளியே. போக வர டீசல் எங்கள் கணக்கில்.

தண்ணீர்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 75 சதவீத ஈரமுள்ள 10 டன் கேக்கில் திடப்பொருள் இரண்டரை டன்தான். அதை 40 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் மொத்த எடை 4 டன் சொச்சம். மழை படாத கூரைக்கு அடியில் ஒரு உலர்த்தும் மேடை கட்டினால் லாரி வாடகையும் புதைப்புக் கட்டணமும் பாதிக்கு மேல் குறையும். ரேட்டில் நூறு ரூபாய் பேரம் பேசுவதை விட இது எவ்வளவோ மேல்.

மாதம் சில நூறு கிலோ மட்டும் வரும் சின்ன யூனிட்டுக்குச் சூளை நேரடியாகக் கதவைத் திறக்காது. பலரிடம் வாங்கிக் கலந்து பக்குவப்படுத்தும், அங்கீகாரம் பெற்ற முன்பதப்படுத்தும் மையம் வழியாகத்தான் போக வேண்டும். வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை உள்ளவர்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

இரண்டு வகை ஸ்லட்ஜும் உள்ள ஆலையில் நடக்கும் பெரிய தப்பு, பெயின்ட் ஸ்லட்ஜையும் குரோம் கேக்கையும் ஒரே பேரலில் தள்ளுவது. சூளை குரோமியத்தைக் காட்டித் திருப்பும், லேண்ட்ஃபில் கரிமத்தைக் காட்டித் திருப்பும். ஷெட்டில் நடுவே ஒரு சுவரும், பேரலில் ஒட்டும் படிவம் 8 லேபிளில் இரண்டு வேறு வகை எண்ணும் போதும்.

எங்கே அனுப்பினாலும் படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு லோடோடு போகும் சீட்டு) ஏழு பிரதி. பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு உங்களுக்கு அனுப்ப வேண்டியது நீலப் பிரதி. லாரி கேட்டைத் தாண்டியதோடு பொறுப்பு முடிவதில்லை, வழியில் கொட்டிச் சேதமானால் விதி 23 உங்களையும் சேர்த்தே பிடிக்கும். 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் சிறைக்குப் பதில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீலத் தாள் ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் நான் போனை எடுத்துவிடுவேன்.