பூட்டானில் அரசு, மாலத்தீவில் முதலாளி

இரண்டுமே சின்ன நாடுகள், சுற்றுலாவை நம்பியவை. கடிவாளம் இருக்கும் கைதான் வேறு.

பூட்டான் 1974-ல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. எத்தனை பேர் வரலாம் என்பதை அரசு கட்டணத்தாலேயே தீர்மானிக்கிறது. ஆள் ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 65 டாலராக இருந்த கட்டணத்தை 2022-ல் 200 ஆக்கினார்கள். கொரோனாவில் நொந்திருந்த ஹோட்டல்காரர்கள் பாடு திண்டாட்டம். அடுத்த வருடமே 100-க்கு இறக்க வேண்டியதாயிற்று. இந்தியர்களான நமக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்தான். கூட்டமில்லாத மலைப்பாதை வேண்டுமென்றால் இந்தக் கெடுபிடி சரி என்பேன். ஆனால் ஒரே உத்தரவில் ஊர்ப் பிழைப்பே ஆடிவிடுகிறது.

மாலத்தீவில் 1972-ல் தனியார் தொடங்கிய முதல் ரிசார்ட் குரும்பா. அந்நாட்டு மொழியான திவேகியில் இளநீர்க்காய் என்று பொருள். நம் குரும்பை நினைவுக்கு வருகிறதா? பவளக்கல் சுவர், ஓலைக்கூரை, அவ்வளவுதான் அன்று. அரசு தீவைக் குத்தகைக்கு விடும். படகுத்துறை, மின்சாரம், குடிநீர் எல்லாம் முதலாளி பாடு. வேகமாக வளர்ந்தது, உண்மைதான். அப்புறம் பார்த்தால், மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த உள்ளூர்க்காரருக்கு வழி பிறந்ததே 2009-ஐ ஒட்டித்தான். அதற்கும் அரசுதான் விதியை மாற்ற வேண்டியிருந்தது.