மாஸ்டர் சம்பளத்தில் இருக்கிறது பரோட்டாவின் பதம்

மதுரையில் எங்கள் தெருமுனைப் பரோட்டா கடைக்கு எட்டு வருஷமாகப் போகிறேன். சாயங்காலம் 5 மணிக்குத்தான் கல் சூடாகும். "மதியமும் திறக்கலாமேண்ணே" என்றேன் ஒருநாள். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "வாடகை திறந்தாலும் அதேதான், மூடினாலும் அதேதான் சார். ஆனா திறந்தா சிலிண்டரும் ஆள் கூலியும் சேரும். மதிய வியாபாரம் அதுக்கே கட்டாது." பி.காம்.மில் நிலைச்செலவு, மாறும் செலவு என்று நான் மனப்பாடம் செய்ததை மனுஷர் இலை நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டார்.

பரோட்டா 15 ரூபாயிலிருந்து 18 ஆனபோது கூட்டம் குறையவில்லை. முட்டை பரோட்டாவை ஏற்றியதும் பாதிப்பேர் ஆம்லெட்டுக்கு மாறிவிட்டார்கள். ஒரே மாதத்தில் பழைய விலைக்கே இறக்கிவிட்டார்.

ஒருமுறை நாளைக்கு 100 ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். புது ஆள் போட்டது பரோட்டா இல்லை, செருப்புத்தோல். மூன்று வாரம் கல்லா காற்றாடியது. பிறகு 200 கூட்டிக்கொடுத்து அவரையே அழைத்து வந்தார்கள். அந்த 200, இப்போது 12 பரோட்டா விற்றால் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மைதாவும் எண்ணெயும் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் இன்னும் நிறைய விற்கணும். ஆனாலும் லாபம்தான், கூட்டத்தைப் பாருங்கள்.

சால்னா கெட்டி, வெங்காயம் தாராளம். டம்ளரை மட்டும் இன்னும் நன்றாகக் கழுவலாம். எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.