ஆர்மிடேலில் யாசிதி மக்களுக்கான ஸ்டார்ட்ஸ் உளநல சேவை: பக்கத்தில் இருந்து பார்த்த மதிப்பீடு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் போரிலும் சித்திரவதையிலும் அடிபட்டு வந்த அகதிகளுக்கு உளநல உதவி செய்யும் அமைப்பு ஸ்டார்ட்ஸ். ஆர்மிடேலில் குடியேறிய யாசிதி குடும்பங்களை ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் காரில் கூட்டிப்போய் வந்த தன்னார்வலர் என்ற முறையில், அந்தச் சேவையை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அதைச் சுற்றியுள்ள அரசாங்கக் குடியேற்ற ஏற்பாட்டையும் சேர்த்து மார்க் போடச் சொன்னால் அவ்வளவு தாராளமாகப் போட மாட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யாசிதிகள் வட ஈராக்கில் தங்களுக்கென்று தனி மதம் வைத்திருக்கும் சிறுபான்மை மக்கள். 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். படைகள் வட ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் நுழைந்தன. ஆண்களைக் கொன்று கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், 6,000க்கும் மேற்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டுபோய் சந்தையில் விற்றார்கள், அதில் 2,500க்கும் மேற்பட்டோர் இன்றுவரை திரும்பவில்லை. தப்பியவர்களில் பலர் வட ஈராக்கின் துஹோக் நகரத்துப் பக்கம் அகதிக் கூடாரங்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஆஸ்திரேலியா எடுத்தது. வாகா வாகா, டூவூம்பா, காஃப்ஸ் ஹார்பர், அப்புறம் 2018 முதல் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் நடுவில் மலைமேல் இருக்கும் இந்தக் குளிர் ஊரான ஆர்மிடேல்.

ஸ்டார்ட்ஸில் எனக்கு முதலில் பிடித்தது, நடந்ததைச் சொல்லச் சொல்லி அவர்கள் அவசரப்படுத்தாதது. விசா நேர்காணல், பதிவு முகாம், மருத்துவப் பரிசோதனை என்று இந்தப் பெண்கள் ஏற்கெனவே எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள். இங்கே ஆரம்பச் சந்திப்புகளில் பேச்சு பெரும்பாலும் தூக்கம், தலைவலி, பிள்ளையின் பள்ளிக்கூடம், புரியாத வாடகைக் கடிதம் என்றே போகும். வெளியில் இருந்து பார்த்தால் இதுவா சிகிச்சை என்று தோன்றலாம். இதுதான் சிகிச்சையின் முதல் பாதி, ஏனென்றால் வீட்டுச் சாவியும் பிள்ளையின் பள்ளியும் உறுதியாகாமல் எந்த மனசும் பழையதைத் தொடாது.

இன்னொன்று, உடம்பு பேசுவதை அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். யாசிதிப் பெண்களில் சிலருக்கு வலிப்பு மாதிரி வரும். கண் செருகும், உடம்பு விறைக்கும், யாரையோ தள்ளுவதுபோல் கைகள் எழும். மூளையில் வலிப்புக்கான அடையாளம் எதுவும் இருக்காது. ஜெர்மனியிலும் கனடாவிலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள் நடிப்பு என்று சொல்லிவிடுவார்கள், அதைவிடக் கொடுமை கிடையாது. ஒருமுறை காத்திருப்பு அறையில் ஓர் அக்காவுக்கு அப்படி வரப் பார்த்தபோது ஆலோசகர் அவரைத் தொடவில்லை, தன் குரலையும் உயர்த்தவில்லை. எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, இது எந்த ஊர், ஜன்னலில் என்ன தெரிகிறது, கையில் இருக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், உரைபெயர்ப்பாளரும் அதே நிதானத்தில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மரம் என்றார். பயிற்சி உள்ளவர்கள் செய்யும்போது எவ்வளவு எளிமையாக இருக்கிறது!

உரைபெயர்ப்பாளர் என்றதும் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனையில் ஈராக் என்று பார்த்ததும் அரபு பேசும் ஓர் ஆணைப் போனில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் பேசுவது குர்மாஞ்சி குர்திஷ். பிடித்து வைத்திருந்தவர்கள் அதட்டியது அரபியில். அந்தக் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் கூட வந்த பெண் எழுந்து வெளியே போய்விட்டார், நானும் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. தேசிய உரைபெயர்ப்பு எண் 131 450-ஐ அழைக்கும்போது மொழியைத் தெளிவாகச் சொல்லுங்கள், பெண் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். சின்ன ஊரில் வேறு நகரத்து ஆளைப் போனில் கேட்பது இன்னும் நல்லது. உள்ளூர் ஆள் யாருக்காவது சித்தப்பா முறையாக இருப்பார், அப்புறம் எப்படி வாய் திறப்பது?

சரி, குறைகள். அரசின் மனிதாபிமானக் குடியேற்றத் திட்டம் 6 முதல் 18 மாதம்வரை கைபிடித்து நடத்தும், அதன் பிறகு இன்னொரு திட்டம் மொத்தம் ஐந்து வருடம்வரை. வங்கிக் கணக்கு, சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகை அலுவலகம், வீடு, இதற்கெல்லாம் அது போதும். காயத்துக்குப் போதாது. சிஞ்சாரின் கோச்சோ கிராமத்துப் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கியதே 2019 மார்ச்சில்தான், அடையாளம் கண்ட 104 பேரின் எச்சங்கள் ஊருக்கு வந்து அடக்கமானது 2021 பிப்ரவரியில். அதாவது, ஆங்கிலம் ஓரளவு வந்து, பிள்ளைகள் கால்பந்து ஆடத் தொடங்கி, ஃபைலை மூடலாம் என்று அதிகாரி நினைக்கும் வேளையில்தான் அண்ணனின் எலும்பு கிடைத்தது என்று போன் வருகிறது. கிடைக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு வன்னியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் போன் வந்த பிறகும் கதவு திறந்திருக்கிற மாதிரி திட்டம் இருக்க வேண்டும்.

ஆங்கில வகுப்புக்கு முன்பு 510 மணி நேரம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது, 2021-இல் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். பள்ளிக்கே போகாமல் வளர்ந்த ஒருவர் முதன்முதலாகப் பேனா பிடிப்பதே அந்த வகுப்பில்தான், அதுவும் இரவு தூங்காத தலையோடு.

குடும்பம் என்பதற்கு விசாப் படிவம் வைத்திருக்கும் அர்த்தமும் எனக்கு ஒப்பவில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு மாமியாரும் கொழுந்தனின் பிள்ளைகளும்தான் மிச்சம், அவர்கள் இன்னும் கூடாரத்தில் இருக்கும்போது இங்கே எந்த ஆலோசகர் என்ன செய்துவிட முடியும்?

மதிப்பெண்: ஸ்டார்ட்ஸுக்கு ஐந்துக்கு நாலரை, மொத்த ஏற்பாட்டுக்கு மூன்று.

போக நினைப்பவர்களுக்கு: 1988 முதல் நடக்கும் அமைப்பு, கட்டணம் கிடையாது, டாக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே அழைக்கலாம். யாசிதிகளுக்கு மட்டுமான இடம் இல்லை, நம் ஆட்களும் போகலாம், தமிழ் உரைபெயர்ப்பாளர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். விக்டோரியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ், குயின்ஸ்லாந்தில் க்யூபாஸ்ட் இதே வேலையைச் செய்கின்றன.